தரவு யார் தந்தது?

ஆய்வேடுகளில் பெரும்பாலும் மூன்றாம் அத்தியாயத்துக்கு "ஆய்வு முறையியல்" என்று தலைப்பு இருக்கும். அதில் அநேகமாகத் தவறாமல் ஒரு வாக்கியம் வரும்: "இந்த ஆய்வுக்கு முதன்மைத் தரவுகளும் இரண்டாம் நிலைத் தரவுகளும் பயன்படுத்தப்பட்டுள்ளன." இதைப் படித்தவுடன் என் கை பென்சிலைத் தேடும். வாக்கியத்தில் பிழை ஏதும் இல்லை. விஷயமும் ஏதும் இல்லை. நோயாளியின் கோப்பில் மருத்துவர் "மாத்திரையும் திரவ மருந்தும் கொடுக்கப்பட்டன" என்று எழுதி மூடிவைத்தால் அடுத்து வரும் மருத்துவருக்கு என்ன தெரியும்? அதே கதைதான்.

"தரவு" என்ற சொல்லுக்குள் "தருதல்" இருக்கிறது. அதற்கு ஈடான லத்தீன் சொல்லுக்கும் "கொடுக்கப்பட்டது" என்றுதான் பொருள். கலிப்பாவின் முதல் உறுப்புக்கும் தரவு என்றே பெயர். தாழிசையும் சுரிதகமும் அதற்குப் பின்னால்தான் வந்து சேரும். யாப்பில் பொருந்துகிற அளவுக்கு அந்தச் சொல் ஆய்வில் பொருந்தவில்லை என்பது என் எண்ணம். ஆய்வில் தரவைத் தட்டில் வைத்து யாரும் நீட்டுவதில்லை. யாரோ ஒருவர் எதையோ கேட்டு, எதையோ பார்த்து, எதையோ விட்டுவிட்டு, கடைசியில் ஒரு கட்டத்துக்குள் எழுதிவைத்ததைத்தான் நாம் தரவு என்கிறோம். அந்த யாரோவும் எதையோவும் தெரியாதவரை, வகைகளின் பெயரை மனப்பாடம் செய்து பெரிய பயன் இல்லை.

முதன்மை, இரண்டாம் நிலை என்ற பிரிவையே எடுத்துக்கொள்வோம். நீங்களே உங்கள் கேள்விக்காகத் திரட்டினால் முதன்மைத் தரவு. வேறொருவர் வேறொரு நோக்கத்துக்காகத் திரட்டியதை எடுத்தாண்டால் இரண்டாம் நிலைத் தரவு. ஆகவே இது தரவின் குணத்தைப் பற்றிய பிரிவு என்பதைவிட, உங்களுக்கும் தரவுக்கும் உள்ள உறவைப் பற்றிய பிரிவு என்பதே சரி. ஒரே ஏடு ஒருவருக்கு முதன்மை, மற்றவருக்கு இரண்டாம் நிலை. டென்மார்க்கைச் சேர்ந்த டைக்கோ பிராஹே தொலைநோக்கி வருவதற்கு முந்தைய காலத்தில், வெறும் கண்ணால் பல ஆண்டுகள் கோள்களின் இருப்பிடங்களைக் குறித்துவைத்தார். 1601இல் அவர் இறந்தபின் அந்த ஏடுகள் யோகான்னஸ் கெப்ளரின் கைக்கு வந்தன. செவ்வாயின் பாதையை வட்டமாக வைத்துக் கெப்ளர் கணக்கிட்டபோது, கணக்குக்கும் டைக்கோவின் பதிவுக்கும் 8 கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை) வேறுபாடு வந்தது. முழு நிலவின் அகலத்தில் ஏறத்தாழ கால்பங்கு. வேறொருவராக இருந்தால் பார்த்தவரின் பிழை என்று தள்ளியிருப்பார். டைக்கோ எப்படி அளந்தார், அவருடைய கருவிகள் எவ்வளவு துல்லியமானவை என்பதெல்லாம் கெப்ளருக்குத் தெரியும்; 8 கலை அளவுக்குப் பிழை செய்கிற ஆள் அவர் இல்லை என்பதும் தெரியும். தரவை வைத்துக்கொண்டு வட்டத்தைக் கைவிட்டார். 1609இல் நீள்வட்டப் பாதை அச்சேறியது.

இரண்டாம் நிலைத் தரவைக் கையாள்கிற எவருக்கும் இதைவிட நல்ல பாடம் இல்லை. பிறர் திரட்டியதை நம்பலாமா என்பதற்கான விடை எண்களுக்குள் கிடைக்காது, எண்கள் பிறந்த விதத்தில் கிடைக்கும்.

எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. 1662இல் லண்டன் வணிகர் ஜான் கிரான்ட், நகரின் வாராந்தர இறப்புப் பட்டியல்களை எடுத்து அலசினார். மக்கள்தொகையியலின் தொடக்கம் என்று பலரும் அதைச் சொல்வார்கள். அந்தப் பட்டியல்கள் ஆய்வுக்காக உருவானவை அல்ல. கொள்ளைநோய் பரவுகிறதா என்று கவனிக்க உருவானவை. இறந்தவரின் உடலைப் பார்த்து மரண காரணம் சொல்லும் வேலை, மருத்துவம் படிக்காத வயதான பெண்களிடம் இருந்தது. பிரெஞ்சு நோய் என்று அன்று அழைக்கப்பட்ட மேகநோயால் இறந்தவர்களின் எண்ணிக்கை பட்டியலில் வியப்பூட்டும் அளவுக்குக் குறைவாக இருந்தது. ஒரு கோப்பை மதுவும் சிறு கையூட்டும் அந்தப் பெண்களின் தீர்ப்பை மாற்றுகின்றன, குடும்ப மானம் காக்க வேறு நோயின் பெயர் எழுதப்படுகிறது என்று கிரான்ட் தம் நூலிலேயே குறித்தார். ஒரு துறையின் முதல் நூலிலேயே தரவின் மீதான சந்தேகமும் பதிவாகியிருக்கிறது. எனக்கு அவர் மேல் மதிப்பு வந்தது இந்த இடத்தில்தான்.

அடுத்த பெரிய பிரிவு, எண்சார் தரவு, பண்புசார் தரவு என்பது. எண்ணாக இருந்தால் எண்சார், சொல்லாக இருந்தால் பண்புசார் என்று சுருக்கிவிடுவார்கள். அங்கேதான் முதல் குழி. விளையாட்டு வீரரின் சட்டை முதுகில் 10 என்று இருக்கிறது. அது எண்தான். ஆனால் 10ஆம் எண்ணும் 5ஆம் எண்ணும் சேர்ந்து 15ஆம் எண் ஆகிவிடுவதில்லை. 1946இல் உளவியலாளர் எஸ்.எஸ். ஸ்டீவன்ஸ் அளவைகளை நான்காகப் பிரித்தார். பெயரிடுவதற்கு மட்டும் பயன்படுபவை பெயர் அளவை: ரத்த வகை, தாய்மொழி, சட்டை எண். முன்பின் மட்டும் தெரிபவை வரிசை அளவை: பந்தயத்தில் முதலிடம், இரண்டாமிடம்; இடையில் எத்தனை வினாடி என்பது அதில் இல்லை. இடைவெளிகள் சமமாக இருந்தும் பூஜ்யம் நாமே வைத்ததாக இருந்தால் இடைவெளி அளவை. உண்மையான பூஜ்யம் இருந்தால் விகித அளவை: எடை, நீளம், வருமானம். செல்சியஸ் மூன்றாவது வகை. 40 பாகை, 20 பாகையைப்போல இருமடங்கு வெப்பம் என்று சொல்ல முடியாததற்கு அதுவே காரணம். கெல்வினில் மாற்றிப் பாருங்கள்: 313, 293. ஏழு விழுக்காடுகூட வேறுபாடு இல்லை.

இந்தப் பாகுபாட்டைப் பற்றிப் புள்ளியியலாளர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். அது நல்ல சண்டை. ஆனால் "மிகவும் திருப்தி – 5, மிகவும் அதிருப்தி – 1" என்ற ஐந்து கட்ட வினாவுக்குச் சராசரி எடுத்து "திருப்தி நிலை 3.0" என்று எழுதுவதற்கு முன் ஒரு கணம் நின்றாக வேண்டும். நூறு பேரும் 3 என்று சொன்னாலும் சராசரி 3. ஐம்பது பேர் 5, ஐம்பது பேர் 1 என்று சொன்னாலும் சராசரி 3. முதலாவது அலுப்பு, இரண்டாவது போர்க்களம். தசமப் புள்ளி இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது.

பண்புசார் தரவு எளிது என்று நினைப்பவர்கள் ஒரு நேர்காணலையாவது ஒலிப்பதிவிலிருந்து எழுத்துக்குக் கொண்டுவந்து பார்க்க வேண்டும். ஒரு மணி நேரப் பேச்சுக்குக் குறைந்தது நான்கு மணி நேரம் ஆகும். இடைநிறுத்தங்களையும் குறித்தால் இன்னும் நீளும். "வேலையை விட்டதற்கு வருத்தம் உண்டா?" என்று கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். பதில் இப்படி வருகிறது: "இல்லை." நான்கு வினாடி மௌனம். "அது... இல்லை, வருத்தம் என்று சொல்ல முடியாது." அவசரத்தில் எழுதுபவர் "வருத்தம் இல்லை" என்று ஒரு குறியீட்டைப் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போவார். நின்று கேட்பவருக்கு, "சொல்ல முடியாது" என்ற சொல் இரண்டு பக்கமும் திறக்கும் கதவாகத் தெரியும். வருத்தம் இல்லாததால் சொல்ல முடியாதா, இருந்தும் உங்களிடம் சொல்ல முடியாதா? பண்புசார் ஆய்வின் உழைப்பு முழுவதும் அந்த நான்கு வினாடியை என்ன செய்வது என்பதில்தான் இருக்கிறது. பதிவு செய்யாமல் விட்டால் பிறகு எந்த மென்பொருளாலும் அதை மீட்க முடியாது.

இனி, திரட்டும் வழிகள். பெயர்கள் நிறைய இருந்தாலும் அடிப்படையில் நான்குதான்: கேட்பது, பார்ப்பது, அளப்பது, ஏற்கெனவே இருக்கும் தடயத்தைப் படிப்பது. பரிசோதனை என்பது ஐந்தாவது வழி என்பதைவிட, இவற்றுக்கெல்லாம் முன்பாக உலகத்தைக் கொஞ்சம் அசைத்துப் பார்ப்பது என்று சொல்லலாம்.

கேட்பது மலிவானது, அதனாலேயே அதிகம் கெட்டுப்போனதும் அதுதான். வினாநிரல் தயாரிப்பது பத்து நிமிட வேலை என்ற எண்ணம் எப்படியோ பரவிவிட்டது. 1941இல் டொனால்டு ரக் அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனையை வெளியிட்டார். ஜனநாயகத்துக்கு எதிரான மேடைப் பேச்சை அரசு "அனுமதிக்க வேண்டுமா" என்று ஒரு பிரிவினரிடம் கேட்டார்கள். 62 விழுக்காட்டினர் கூடாது என்றார்கள். "தடை செய்ய வேண்டுமா" என்று ஒப்பான இன்னொரு பிரிவினரிடம் கேட்டபோது ஆம் என்றவர்கள் 46 விழுக்காடுதான். அனுமதிக்காமல் இருப்பதும் தடை செய்வதும் தர்க்கப்படி ஒன்றே. காதில் விழும்போது ஒன்றல்ல. "தடை" என்ற சொல்லுக்கு எடை கூடுதல்.

சொல்லின் எடையாவது நுணுக்கமான விஷயம். அப்பட்டமான பிழைகளும் அன்றாடம் நடக்கின்றன. "ஆசிரியர் தெளிவாகவும் ஆர்வமூட்டும்படியும் பாடம் நடத்துகிறாரா?" தெளிவாக நடத்துகிறார், ஆனால் தூக்கம் வருகிறது என்ற மாணவர் எங்கே குறியிடுவார்? ஒரே வினாவுக்குள் இரண்டு வினா. "கடந்த ஆறு மாதத்தில் எத்தனை முறை மருத்துவரிடம் சென்றீர்கள்?" என்று கேட்டால், எட்டு மாதத்துக்கு முன் நடந்தது நினைவில் நெருங்கிவந்து உள்ளே நுழைந்துவிடும், சின்னச் சளிக்குப் போனது மறந்தே போயிருக்கும். வயதைக் கேட்டாலே போதும்: பிறந்த தேதிப் பதிவு சரியாக இல்லாத சமூகங்களின் கணக்கெடுப்புகளில் 30, 35, 40, 45 வயதுக்காரர்கள் கூட்டமாக நிற்பார்கள், 41, 43 வயதுக்காரர்களைத் தேட வேண்டியிருக்கும். யாரும் பொய் சொல்லவில்லை. பூஜ்யத்திலும் ஐந்திலும் முடியும் எண்களில் மனித மனம் இளைப்பாறிக்கொள்கிறது. ரத்த அழுத்தத்தைக் காதால் கேட்டுக் குறிக்கும் மருத்துவர்களும் இதற்கு விலக்கில்லை. பூஜ்யத்தில் முடியும் அளவுகள் நியாயமான பங்கைவிட அதிகமாகவே பதிவாகும்.

மனிதர்கள் உண்மையைச் சொல்லத் தயங்கும் வினாக்களுக்கு ஓர் அழகான தீர்வு இருக்கிறது. 1965இல் ஸ்டான்லி வார்னர் முன்வைத்த உத்தியின் எளிய வடிவம் இது. "தேர்வில் காப்பியடித்தீர்களா?" என்று மாணவர்களிடம் கேட்பதாக வைத்துக்கொள்வோம். பதில் சொல்பவர் யாருக்கும் காட்டாமல் ஒரு நாணயத்தைச் சுண்டுகிறார். தலை விழுந்தால், உண்மை எதுவாக இருந்தாலும் "ஆம்" என்று சொல்ல வேண்டும். பூ விழுந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். ஆயிரம் பேரில் 600 பேர் "ஆம்" என்றால், ஏறத்தாழ 500 "ஆம்" நாணயம் சொன்னது. மீதி 100 "ஆம்", பூ விழுந்த 500 பேரிடமிருந்து வந்தது. ஆக, தேர்வில் காப்பியடித்தவர்கள் சுமார் 20 விழுக்காடு. எந்த ஒரு மாணவரையும் காப்பியடித்தவர் என்று யாராலும் சுட்ட முடியாது. விலை என்ன என்றால், மதிப்பீட்டில் தடுமாற்றம் கூடும். அதனால் ஆட்கள் அதிகம் வேண்டும்.

யாரிடம் கேட்பது என்பது தனிக் கதை. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் இதழ் ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு வாக்குத் தாள் அனுப்பியது. இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவை திரும்பிவந்தன. ரூஸ்வெல்டை எதிர்த்து நின்ற லாண்டன் வெல்வார் என்றது இதழ். லாண்டனுக்குக் கிடைத்தவை இரண்டே மாநிலங்கள். ரூஸ்வெல்ட் வாரிக்கொண்டு போனார். சுமார் ஐம்பதாயிரம் பேரை வைத்துக் கணித்த ஜார்ஜ் காலப் வெற்றியாளரைச் சரியாகச் சொன்னார். தொலைபேசிப் பட்டியலையும் கார் பதிவையும் பார்த்துப் பணக்காரர்களுக்கே தாள் அனுப்பியதால் இதழ் தவறியது என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். அது பாதிக் கதை. 1937இல் எடுக்கப்பட்ட ஒரு கருத்துக்கணிப்பை 1988இல் மறுபடி ஆராய்ந்தபோது, தாள் வந்து சேர்ந்தவர்களிலும் பெரும்பான்மையோர் ரூஸ்வெல்ட் பக்கம் இருந்தது தெரிந்தது. தாளை நிரப்பித் திருப்பி அனுப்பும் ஊக்கம் ரூஸ்வெல்டை எதிர்த்தவர்களிடம் கூடுதலாக இருந்தது. இணையத்தில் இணைப்பை அனுப்பி "உங்கள் நண்பர்களுக்கும் பகிருங்கள்" என்று முடிக்கும் இன்றைய வினாநிரல்களை இந்தக் கதையின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஐந்தாயிரம் பதில் வந்தது என்ற பெருமிதம் கொஞ்சம் அடங்கும். ஒவ்வொருவரும் தேர்ந்தெடுக்கப்படும் வாய்ப்பு எவ்வளவு என்று முன்கூட்டியே தெரிகிற சமவாய்ப்புக் கூறெடுப்பு சிறியதாக இருந்தாலும் இதைவிட மேல்.

பார்ப்பதில் வேறு சிக்கல்கள். பார்க்கப்படுகிறோம் என்று தெரிந்தால் மனிதர்கள் மாறிவிடுவார்கள் என்பதற்கு ஹாதார்ன் விளைவு என்று பெயர். 1924 முதல் அமெரிக்காவின் ஹாதார்ன் தொழிற்சாலையில் விளக்கொளியைக் கூட்டியும் குறைத்தும் உற்பத்தியைப் பார்த்தார்கள்; எப்படிச் செய்தாலும் உற்பத்தி ஏறியது என்பது பாடநூல்களில் வரும் கதை. அந்தப் பழைய தரவைத் தேடியெடுத்துக் கணக்கிட்டு 2011இல் வெளிவந்த ஆய்வில், கதையில் சொல்லப்படும் அளவுக்கு எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. விளைவின் பெயர் மட்டும் உயிரோடு இருக்கிறது.

மனிதக் குரங்குகளுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. 1960இல் கோம்பே காட்டுக்குச் சென்ற ஜேன் குடால் சிம்பன்சிகளுக்கு எண் கொடுக்காமல் பெயர் வைத்ததை அன்றைய அறிவியல் உலகம் முகம் சுளித்துப் பார்த்தது. பிற்பாடு எழுந்த விமர்சனமே எனக்குக் கனமானதாகப் படுகிறது: அருகில் வரவழைக்க வாழைப்பழம் வைத்தது அவற்றின் சண்டைகளைக் கூட்டியதா? பார்ப்பதற்காகச் செய்த ஏற்பாடே பார்க்கப்பட்டதை மாற்றியிருக்கலாம்.

வகுப்பறையிலோ மருத்துவமனையிலோ இரண்டு பேர் தனித்தனியே உற்றுநோக்கிக் குறித்து, "90 விழுக்காடு ஒத்துப்போனோம்" என்று எழுதுவார்கள். பார்க்கிற குழந்தைகளில் பெரும்பாலோர் அமைதியாகவே இருக்கிறார்கள் என்று வையுங்கள். இருவரும் கண்ணை மூடிக்கொண்டு பத்துக்கு ஒன்பது தடவை "அமைதி" என்று போட்டாலே, தற்செயலாக 82 விழுக்காடு ஒத்துப்போய்விடும். 0.9ஐ 0.9ஆல் பெருக்கி, 0.1ஐ 0.1ஆல் பெருக்கிக் கூட்டினால் வரும் எண் அது. 1960இல் ஜேக்கப் கோகன் இந்தத் தற்செயலைக் கழித்துவிட்டு மீதியைச் சொல்லும் கப்பா என்ற அளவைக் கொடுத்தார். அதைப் போடாமல் வெறும் விழுக்காட்டை எழுதுவது பாதிக் கணக்கு.

அளப்பதில் ஆள் குறுக்கிடவில்லை, கருவிதான் இருக்கிறது, ஆகவே பக்கச்சார்பு இல்லை என்று தோன்றும். வயலில் பயிர் அறுத்து விளைச்சலை மதிப்பிடும் முறையைப் பாருங்கள். வயலுக்குள் சமவாய்ப்பு முறையில் ஒரு சிறு துண்டு நிலத்தைக் குறித்து, அதில் உள்ளதை மட்டும் அறுத்து எடை போடுவார்கள். 1940களில் இந்தியப் புள்ளியியலாளர் பி.வி. சுகாத்மே காட்டியது இது: துண்டு சிறிதாகச் சிறிதாக, மதிப்பிடப்படும் விளைச்சல் உண்மையைவிடக் கூடிக்கொண்டே போகிறது. காரணத்தைக் குனிந்து பார்த்தால் தெரியும். எல்லைக் கோட்டின் மேல் ஒரு செடி நிற்கிறது, உள்ளேயா வெளியேயா? அரிவாள் வைத்திருப்பவரின் கை அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். பெரிய துண்டில் எல்லைச் செடிகளின் பங்கு சிறிது. சிறிய துண்டில் எல்லையே பெரும்பங்கு. கருவியில் பிழை இல்லை, தராசில் பிழை இல்லை. பிழை கோட்டின் மேல் நின்ற செடியில் இருந்தது. இன்னொரு இந்தியப் புள்ளியியலாளரான மகாலனோபிஸ் தம் கணக்கெடுப்புகளில் ஒரே பகுதியை இரண்டு தனித்தனிக் குழுக்கள் தனித்தனி மாதிரிகளை வைத்து மதிப்பிடும் ஏற்பாட்டைச் செய்ததும் இந்த மாதிரிக் கைப்பிழைகளுக்காகத்தான். இரண்டு விடைகளும் விலகும் தூரம், களத்தில் ஏதோ நடந்திருக்கிறது என்று சொல்லிவிடும்.

அலகைப் பற்றி ஒரு வரி: 1999இல் செவ்வாய்க்குப் போன மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் தொலைந்தது, ஒரு மென்பொருள் பவுண்டு அலகில் கொடுத்த எண்ணை இன்னொன்று நியூட்டன் அலகு என்று எடுத்துக்கொண்டதால். எண்ணுக்குப் பக்கத்தில் அலகை எழுதச் சொல்லிப் பள்ளியில் மதிப்பெண் குறைத்த ஆசிரியர்களை மன்னித்துவிடலாம்.

இத்தனை வழிகளும் ஒரே ஆய்வுக்குள் சேரும்போது எப்படி இருக்கும் என்பதற்கு லண்டன் மருத்துவர் ஜான் ஸ்நோவை விட்டால் ஆள் இல்லை. 1854 லண்டன் காலரா என்றதும் எல்லோரும், நோய்க்குக் காரணம் என்று அவர் சுட்டிய பிராடு தெருவின் கைப்பம்பைச் சொல்வார்கள். அதே ஆண்டில் அவர் தெற்கு லண்டனில் செய்ததுதான் பெரிய வேலை. அங்கே இரண்டு நிறுவனங்கள் ஒரே தெருக்களில் குழாய் போட்டிருந்தன. அடுத்தடுத்த வீடுகளுக்கு வேறு வேறு நிறுவனத்தின் நீர். ஒன்றான லாம்பெத் நிறுவனம் 1852இல் தேம்ஸ் நதியில் நீர் எடுக்கும் இடத்தை, நகரின் சாக்கடை கலக்கும் பகுதியைத் தாண்டி மேல்நதிக்குக் கொண்டுபோயிருந்தது. சதர்க் அண்டு வாக்ஸ்ஹால் நிறுவனம் பழைய இடத்திலேயே எடுத்தது. ஏழை, பணக்காரர், ஆண், பெண் எல்லாரும் இரண்டு பக்கமும் கலந்திருந்தார்கள். யாரும் திட்டமிடாத ஒரு பரிசோதனை தானாகவே நடந்துகொண்டிருந்தது.

ஸ்நோவுக்குத் தேவைப்பட்டது ஒன்றே ஒன்று: இறந்தவர் வீட்டில் வந்தது யாருடைய நீர்? இறந்தவர்களின் முகவரிகளை அரசுப் பதிவிலிருந்து வாங்கினார். அது இரண்டாம் நிலைத் தரவு. பிறகு அவரும் ஓர் உதவியாளரும் வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள். அது முதன்மைத் தரவு. கேட்டால், பல வீட்டாருக்கு எந்த நிறுவனம் என்றே தெரியவில்லை; தண்ணீர்க் கட்டணம் கட்டியது வீட்டு உரிமையாளர். வினாநிரல் செத்துப்போகும் இடம் இது. ஸ்நோ அங்கே நிற்கவில்லை. ஒரு சிறு குப்பியில் நீரைப் பிடித்து வெள்ளி நைட்ரேட்டைச் சேர்த்தார். கீழ்நதியில் எடுத்த நீரில் உப்பு பல மடங்கு அதிகம் என்பதால் வெண்படிவு திரளாக விழும். மேல்நதி நீரில் லேசாக மட்டும் கலங்கும். வீட்டாருக்குத் தெரியாத பதிலை வீட்டுத் தண்ணீர் சொன்னது. நோய் பரவிய முதல் ஏழு வாரக் கணக்கு இப்படி வந்தது: சதர்க் அண்டு வாக்ஸ்ஹால் நீர் வந்த 40,046 வீடுகளில் 1,263 இறப்புகள், லாம்பெத் நீர் வந்த 26,107 வீடுகளில் 98. பத்தாயிரம் வீடுகளுக்கு 315, 37. வீடுகளின் எண்ணிக்கை அவர் எண்ணியது அல்ல, நாடாளுமன்ற ஆவணத்திலிருந்து எடுத்தது. ஆவணம், வினா, வேதிச் சோதனை மூன்றும் சேர்ந்து ஒரு சிறிய அட்டவணை. காலராக் கிருமியை யாரும் ஏற்றுக்கொள்ளாத காலம் அது.

ஸ்நோவுக்கு வாய்த்ததுபோல் எல்லாருக்கும் வாய்க்காது. வாய்க்காதபோது நாமே சமவாய்ப்பு முறையில் பிரித்துச் சோதிக்க வேண்டியதுதான். புள்ளியியலாளர் ரொனால்டு ஃபிஷர் இதை விளக்கப் பயன்படுத்திய உதாரணம் பிரசித்தம்: பால் முதலில் ஊற்றியதா தேநீர் முதலில் ஊற்றியதா என்று சுவைத்தே சொல்வேன் என்ற பெண்மணிக்கு எட்டுக் கோப்பைகள், நான்கு ஒரு வகை, நான்கு மறுவகை. குருட்டாம்போக்கில் அனைத்தையும் சரியாகச் சொல்லும் வாய்ப்பு 70இல் 1. கோப்பைகளின் வரிசையைச் சமவாய்ப்பு முறையில் கலைத்தால்தான் அந்த 70க்கு அர்த்தம் உண்டு. புகைபிடித்தல் நுரையீரல் புற்றுநோயை உண்டாக்குகிறதா என்று அறிய, சிகரெட் புகைக்கச் சொல்லி மனிதர்களைப் பிரிக்க முடியாது என்பதால் ரிச்சர்டு டால், பிராட்ஃபோர்டு ஹில் இருவரும் 1951இல் பிரிட்டன் மருத்துவர்களுக்கே வினாநிரல் அனுப்பி, பிறகு அவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். காத்திருப்பதும் ஒரு திரட்டும் முறை.

நான்காவது வழியான தடயம் இன்று வெள்ளமாகப் பெருகியிருக்கிறது: தேடுபொறிச் சொற்கள், கைப்பேசி இருப்பிடம், கடன் அட்டைச் செலவு. 2008இல் கூகுள், காய்ச்சல் தொடர்பான தேடல்களை வைத்து இன்ஃபுளூயன்சா பரவலைக் கணிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. 2012-13 பருவத்தில் அது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் எண்ணைப்போல் ஏறத்தாழ இருமடங்கு காட்டியது. தேடுகிறவர்கள் எல்லாரும் நோயாளிகள் இல்லை. செய்தியைப் பார்த்துப் பயந்தவர்களும் தேடுவார்கள். கிரான்ட் கையில் இருந்த இறப்புப் பட்டியலும் இதுவும் ஒரே சாதி: வேறொரு வேலைக்காக உருவானவை. தடயத்தை விட்டவருக்கு அது ஆய்வில் போகிறது என்றே தெரியாது என்பது இன்னொரு சங்கடம். பெயரை நீக்கிவிட்டோம் என்பது சமாதானம் ஆகாது. பிறந்த தேதி, பாலினம், ஐந்திலக்க அஞ்சல் குறியீடு மூன்றும் சேர்ந்தாலே அமெரிக்கர்களில் 87 விழுக்காட்டினரைத் தனித்து அடையாளம் காண வாய்ப்புண்டு என்று லத்தான்யா சுவீனி 2000இல் மதிப்பிட்டுக் காட்டினார்.

திரட்டி முடித்தபின் தரவு பத்திரமாக இருக்கும் என்று நினைத்தால் அதுவும் தவறு. அட்டவணையில் ஒரு வெற்றுக் கட்டம் இருக்கிறது. கேட்கவில்லையா, பதில் சொல்ல மறுத்தாரா, தெரியாது என்றாரா, அந்த வினா அவருக்குப் பொருந்தாதா? நான்கும் நான்கு செய்திகள். அவசரக்காரர் அங்கே 0 போடுவார். வேறொருவர் 99 போடுவார். ஆறு மாதம் கழித்து மூன்றாமவர் சராசரி எடுக்கும்போது வீட்டில் 99 குழந்தைகள் உள்ள குடும்பம் ஒன்று தோன்றும். எந்தக் குறியீடு எதைக் குறிக்கிறது என்ற விளக்க ஏட்டைத் தரவோடு சேர்த்து வைப்பது அலுப்பூட்டும் வேலை. யாரும் பாராட்டவும் மாட்டார்கள்.

விரிதாளின் குறும்பு இன்னொரு ரகம். மனித மரபணுக்கள் சிலவற்றுக்கு மார்ச்1, செப்ட்2 என்பதுபோன்ற சுருக்கப் பெயர்கள் இருந்தன. எக்செலில் தட்டியதும் அவை மார்ச் 1, செப்டம்பர் 2 என்று தேதியாகிவிடும். 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மரபணுப் பட்டியலை எக்செல் கோப்பாக இணைத்திருந்த கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதாகக் கண்டது. பல ஆண்டுகள் எச்சரித்துப் பார்த்துக் களைத்துப்போய், மரபணுக்களுக்குப் பெயரிடும் குழு 2020இல் மரபணுக்களின் பெயர்களையே மாற்றியது: மார்ச்1 மார்ச்எஃப்1 ஆயிற்று, செப்ட்2 செப்டின்2 ஆயிற்று. 2023இல், இந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்திவைக்கும் வசதி எக்செலுக்கு வந்தது. அதற்குள் மரபணுக்கள் புதுப்பெயரோடு மூன்று ஆண்டு வாழ்ந்துவிட்டன.